ஒவ்வொரு விநோதத்துக்கும் பின்னால் ஒரு பத்திரம்

வாட்ஸ்அப்பிலும் கல்லூரி விழா மேடைகளிலும் அடிக்கடி வந்துபோகும் கதை ஒன்று உண்டு. சாயம்போன உடையில் ஒரு கணவனும் மனைவியும் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவரைப் பார்க்கப் போகிறார்கள். இறந்துபோன மகன் நினைவாக அங்கே ஏதாவது கட்டித் தர விரும்புவதாகச் சொல்கிறார்கள். தலைவர் அவர்களை ஏற இறங்கப் பார்க்கிறார். ஒரு கட்டடம் எழுப்ப எவ்வளவு ஆகும் தெரியுமா என்று கேட்டு மட்டம்தட்டுகிறார். இவ்வளவுதான் செலவென்றால் நாமே தனியாக ஒரு பல்கலைக்கழகம் கட்டிவிடலாமே என்று மனைவி கணவனிடம் சொல்ல, இருவரும் எழுந்து போய்விடுகிறார்கள். அவர்கள்தான் ஸ்டான்ஃபோர்டு தம்பதி. உடையைப் பார்த்து ஆளை எடைபோடாதே என்ற நீதியோடு கதை முடியும்.

நீதியில் குறையில்லை. ஆனால் கதை நடக்கவே இல்லை. லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதையில் மேற்குப் பகுதியைப் போட்ட சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் தலைவர். 1869இல் அந்தப் பாதை முடிந்தபோது கடைசியாகத் தங்க ஆணி அடித்தவர் அவர்தான். அவருடைய ஒரே மகன் 1884இல், 15 வயதில், இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் டைஃபாய்டு வந்து இறந்தான். அதன்பின் பெற்றோர் ஹார்வர்டு தலைவர் சார்லஸ் எலியட்டைச் சந்தித்தது உண்மை. யாரென்று தெரிந்தே எலியட் அவர்களை வரவேற்றார், ஆலோசனையும் சொன்னார். 1885இல் மகன் பெயரில் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1891இல் வகுப்புகள் தொடங்கின. ‘லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு ஜூனியர் பல்கலைக்கழகம்’ என்பதுதான் அதன் முழுப் பெயர். அந்த ஜூனியர், இறந்த பையன்.

பொய்க் கதை நம்மைக் கட்டிப்போட்டதில், அதைவிட விநோதமான உண்மைக் கதை தெரியாமலே போய்விட்டது. ஸ்டான்ஃபோர்டு தம்பதி கொடுத்தது தங்கள் குதிரைப் பண்ணையை. 8,000 ஏக்கருக்கு மேல். கொடுத்த பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: இந்த நிலத்தை எக்காலத்திலும் விற்கக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல்கலைக்கழகத்துக்குப் பணமுடை வந்தது. கையில் கடல்போல் நிலம் இருந்தும் விற்க வழியில்லை. ஆகவே நீண்டகாலக் குத்தகைக்கு விட்டார்கள். 1951இல் அந்த நிலத்தில் ஒரு தொழிற்பூங்கா எழுந்தது. வேரியன் அசோசியேட்ஸ் முதலில் வந்தது, ஹ்யூலெட்-பேக்கர்டும் வந்தது. ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் இடையே நடந்துபோகும் தூரம்தான் என்ற நிலை உருவானது. இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று உலகம் சொல்லும் இடத்துக்குப் பல வேர்கள் உண்டு. அவற்றில் ஒன்று, மகனை இழந்த பெற்றோர் எழுதிய ‘விற்கக் கூடாது’ என்ற வரி.

அதே பத்திரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1893இல் லேலண்ட் இறந்தார். ரயில் கம்பெனி அரசிடம் வாங்கிய கடனுக்காக மத்திய அரசு அவருடைய சொத்தின்மீது வழக்குத் தொடுத்தது, சொத்து முடங்கியது. பல்கலைக்கழகத்தை மூடிவிடுமாறு பலர் ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்கு யோசனை சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். குடும்பச் செலவுக்கென்று நீதிமன்றம் மாதம் 10,000 டாலர் அனுமதித்திருந்தது. தன் வீட்டுச் செலவைச் சுருக்கி, அந்தப் பணத்திலிருந்து பேராசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். சட்டக் கணக்கில் அந்தப் பேராசிரியர்கள் அவருடைய வீட்டுப் பணியாளர்களாக வைத்துக்கொள்ளப்பட்டார்கள். 1896இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளிக்கும் வரை இப்படித்தான் வண்டி ஓடியது. தன் நகைகளையும் நூலகத்துக்கென்று எழுதி வைத்தார். அந்த நகை நிதியிலிருந்து இன்றும் புத்தகம் வாங்குகிறார்கள். இப்படியெல்லாம் நிறுவனத்தைக் காத்த அதே அம்மையார்தான் 1899இல் பத்திரத்தில் இன்னொரு வரியைச் சேர்த்தார்: பெண்கள் எந்தக் காலத்திலும் 500 பேருக்கு மேல் படிக்கக் கூடாது. மகன் நினைவாக எழுந்த இடம் பெண்கள் கல்லூரியாகிவிடுமோ என்ற பயம் அவருக்கு. அந்த ஒரு வரி 1933 வரை ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கதவை அடைத்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றி எத்தனையோ துணுக்குகள் உலவுகின்றன. சாண்டா குரூஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் ஓடில்லாத மஞ்சள் நத்தை ஒன்றைத் தங்கள் அடையாளச் சின்னமாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது, பெர்க்லியில் நோபல் பரிசு வாங்கியவருக்கென்று கார் நிறுத்த இடம் ஒதுக்குவது என்று பட்டியல் நீளும். படித்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அந்த விநோதங்களில் கனமானவை எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அந்த இடம் எது என்று புரிந்துகொண்டால், பிள்ளையை அங்கே அனுப்புகிற பெற்றோருக்கும் அங்கே நன்கொடை தருகிற தமிழர்களுக்கும் பல குழப்பங்கள் தெளியும்.

மேலே ஒருவரும் இல்லை

நம் நாட்டில் பல்கலைக்கழகம் என்றால் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ ஒரு சட்டம் இருக்கும். மேலே யுஜிசி இருக்கும். அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. கல்வி மாநிலங்களுக்கும் மக்களுக்கும் விடப்பட்டது. முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் தலைநகரில் ஒரு தேசியப் பல்கலைக்கழகம் வர வேண்டுமென்று ஆசைப்பட்டார். தன்னிடமிருந்த பொடோமக் கம்பெனியின் 50 பங்குகளை அதற்கென்று உயிலில் எழுதி வைத்தார். அந்தக் கம்பெனி நொடித்துப்போனது, பல்கலைக்கழகமும் வரவில்லை. ராணுவ அகாடமிகள் போன்ற சிலவற்றை விட்டுவிட்டால், மத்திய அரசு நேரடியாக நடத்தும் பல்கலைக்கழகம் அங்கே இல்லை.

எனவே ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகப் பிறந்தது. ஒன்றைத் திருச்சபை தொடங்கியது, ஒன்றை மாநில அரசு, இன்னொன்றை ரயில் முதலாளி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாசனம், ஓர் அறங்காவலர் குழு, நன்கொடையாளர்கள் எழுதிய பத்திரங்கள். நம் கோயில்களில் உள்ள கட்டளைகளை நினைத்தால் இது எளிதில் விளங்கும். உச்சிக்காலப் பூசைக்கு என்று ஒருவர் நிலம் எழுதி வைத்தால், அதன் வருமானத்தை எடுத்துத் தேருக்குச் சக்கரம் போட முடியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அப்படிப்பட்ட கட்டளைகளின் தொகுப்பு. எழுதியவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷமானாலும் எழுதிய வார்த்தை நிற்கும்.

அது நிற்பதற்குக் காரணமான வழக்கு ஒன்று உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1769இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் சாசனத்தோடு தொடங்கியது டார்ட்மத் கல்லூரி. 1816இல் மாநிலச் சட்டமன்றம் அந்தச் சாசனத்தை மாற்றி, கல்லூரியை ‘டார்ட்மத் பல்கலைக்கழகம்’ ஆக்கித் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவர முயன்றது. பழைய அறங்காவலர்கள் பணியவில்லை. சில காலம் ஒரே ஊரில் கல்லூரி ஒன்று, பல்கலைக்கழகம் ஒன்று என்று இரண்டு நிறுவனங்கள் அருகருகே நடந்தன. முத்திரையும் கணக்குப் புத்தகங்களும் செயலாளர் உட்வர்டு கையில் இருந்தன. அவற்றைத் திரும்பப் பெற அவர்மீது வழக்குப் போட்டார்கள். கல்லூரியின் பழைய மாணவரான டேனியல் வெப்ஸ்டர் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். 1819இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்புச் சொன்னார்: சாசனம் ஓர் ஒப்பந்தம், மாநிலம் தன் விருப்பத்துக்கு அதை மாற்ற முடியாது.

அந்த நாளிலிருந்து தனியார் கல்லூரிகளுக்குத் துணிவு வந்தது. அரசு மாறினால் நம் கதி என்னவாகும் என்ற பயமின்றிச் செல்வந்தர்கள் எழுதிக் கொடுக்கவும் துணிந்தார்கள். மருத்துவம், பொறியியல், மேலாண்மை ஆகியவற்றுக்கு மேல்படிப்புப் பள்ளிகள் வைத்திருந்தும் டார்ட்மத் இன்றும் தன்னைக் கல்லூரி என்றுதான் அழைத்துக்கொள்கிறது. போராடிக் காத்த பெயர் அது.

பணக்கார ஹார்வர்டு ஏன் கையேந்தியது?

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு நிதி திரட்டியபோது பலரும் கேட்ட கேள்வி இது. 3,500 கோடி டாலருக்கு மேல் வைத்திருக்கும் பல்கலைக்கழகம் தமிழுக்கு ஓர் இருக்கை வைக்க நம்மிடம் 60 லட்சம் டாலர் கேட்கலாமா? கேள்வி நியாயமானது. பதில், மேலே சொன்ன கட்டளையில் இருக்கிறது.

ஹார்வர்டின் மூலதன நிதி ஒரே பெட்டியில் இருக்கும் பணம் இல்லை. 14,000க்கும் மேற்பட்ட தனித்தனி நிதிகளின் கூட்டு அது. பெரும்பாலானவற்றுக்கு எழுதிக் கொடுத்தவரின் நிபந்தனை உண்டு: இது புற்றுநோய் ஆய்வுக்கு, இது ஏழை மாணவர் உதவிக்கு, இது கிரேக்கம் கற்பிக்க. முதல் கரையாது. அதை முதலீடு செய்து, ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சதவீதம் மட்டும் எடுத்துச் செலவிடுவார்கள். 60 லட்சம் டாலரில் 5 சதவீதம் 3 லட்சம் டாலர். ஒரு பேராசிரியரின் சம்பளமும் துறைச் செலவும் அதில் நடக்கும். இந்த ஆண்டு மட்டுமல்ல, அடுத்த நூற்றாண்டிலும். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. உலகெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானோர் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். 2018இல் இலக்கு எட்டியது. நாம் வாங்கியது ஒரு நாற்காலி இல்லை. விரும்பியவர் விரும்பிய நேரத்தில் தமிழை நிறுத்திவிட முடியாத ஓர் ஏற்பாடு.

இந்த மூலதன நிதிகளின் பிறப்புக் கதைகளும் சுவையானவை. டெக்சாஸ் மாநிலம் 1876இல் தன் பல்கலைக்கழகத்துக்கென்று மேற்கே வறண்ட நிலம் 10 லட்சம் ஏக்கரை ஒதுக்கியது. 1883இல் இன்னொரு 10 லட்சம் ஏக்கர். முன்பு ஒதுக்கியிருந்த நல்ல நிலத்தை எடுத்துக்கொண்டு கொடுத்த பொட்டல் காடு அது. ஆடுமாடு மேய்ச்சல் குத்தகை தவிர அதில் வருமானம் இல்லை. 1923 மே மாதம் அந்தக் காட்டில் ‘சாண்டா ரீட்டா’ என்ற கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. நடக்காததை நடத்தித் தருபவர் என்று கத்தோலிக்கர் வேண்டிக்கொள்ளும் புனிதையின் பெயர் அது. அந்த எண்ணெய்ப் பணத்தில்தான் டெக்சாஸ் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகமும் வளர்ந்தன. கிணற்றின் பழைய துளைப்பொறியை ஆஸ்டின் வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

யேல் பல்கலைக்கழகத்தின் பெய்னெக்கி நூலகத்தில் ஆட்டுத்தோலில் எழுதிய கடன் பத்திரம் ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தில் ஓர் ஆற்றங்கரையைப் பராமரிக்க 1648இல் வெளியிட்டது. முதிர்வுத் தேதியே இல்லாதது. யார் கையில் வைத்திருக்கிறாரோ அவருக்கு வட்டி தர வேண்டும் என்பது நிபந்தனை. 2015இல் யேல் 12 ஆண்டு நிலுவை வட்டியாக 136.20 யூரோ வாங்கிக்கொண்டது. மதிப்புக் குறைவுதான். ஆனால் 1648இல் எழுதிய வாக்கு இன்னும் செல்லுபடியாகிறது என்பதைக் கண்முன் காட்ட இதைவிடச் சான்று வேண்டாம்.

சுதந்திரம் செய்த நல்லவை

மேலிருந்து யாரும் ஒரே அச்சில் வார்க்காததால், வேறெங்கும் நினைத்துப் பார்க்க முடியாத கல்லூரிகள் அங்கே உயிரோடு இருக்கின்றன. அவற்றில் மூன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கென்டக்கி மாநிலத்தில் உள்ள பெரீயா கல்லூரியை 1855இல் அடிமை முறையை எதிர்த்த பாதிரியார் ஜான் ஃபீ தொடங்கினார். அடிமை முறை நடந்த தென் மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த முதல் கல்லூரி அது. 1892 முதல் அங்கே மாணவர் யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பதிலாக எல்லோரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். சமையலறை, தோட்டம், அலுவலகம் என்று வேலை பல. துடைப்பம் கட்டும் பட்டறைகூட உண்டு. அங்கே கட்டும் துடைப்பங்கள் விற்பனைக்குப் போகின்றன. பணக்கார வீட்டுப் பிள்ளை, ஏழை வீட்டுப் பிள்ளை என்ற பேதம் இல்லை. சொல்லப்போனால் வசதி குறைந்த பிள்ளைகளைத்தான் தேடிச் சேர்க்கிறார்கள். 1904இல் கென்டக்கி சட்டமன்றம் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகப் படிக்கக் கூடாதென்று சட்டம் போட்டது. அந்தச் சட்டம் குறிவைத்தது பெரீயாவைத்தான். கல்லூரி உச்ச நீதிமன்றம் வரை போனது, 1908இல் தோற்றது. 1950இல் சட்டம் திருத்தப்பட்டதும் முதல் வேலையாகக் கறுப்பின மாணவர்களுக்குக் கதவைத் திறந்தது. டார்ட்மத் வழக்கில் சாசனத்தைக் காத்த அதே நீதிமன்றம் பெரீயாவைக் கைவிட்டது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் நெவாடா எல்லையை ஒட்டிய பாலைவனப் பள்ளத்தாக்கில் இருக்கிறது டீப் ஸ்பிரிங்ஸ். மின்சாரத் தொழிலில் பணம் சம்பாதித்த எல்.எல். நன் 1917இல் நிறுவியது. மொத்த மாணவர்கள் முப்பதுக்குள். மாடு மேய்ப்பது, பால் கறப்பது, குதிரை மசால் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுவது, சமைப்பது எல்லாம் மாணவர் வேலை; வாரம் 20 மணி நேரம். அடுத்த ஆண்டு யாரைச் சேர்ப்பது, எந்த ஆசிரியரை எடுப்பது என்பதிலும் மாணவர் குழுக்களுக்கே பெரும் பங்கு. இரண்டு ஆண்டு முடிந்ததும் பலர் நாட்டின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களுக்கு மாறிப்போகிறார்கள். நன் எழுதிய பத்திரத்தில் ‘இளைஞர்கள்’ என்று ஆண்களை மட்டும் குறித்திருந்தார். 2011இல் பெண்களையும் சேர்ப்பதென்று அறங்காவலர்கள் முடிவெடுத்தபோது, பத்திரத்தை மீற முடியாதென்று அவர்களிலேயே சிலர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு முடிந்து முதல் பெண்கள் வகுப்பில் உட்கார 2018 ஆகிவிட்டது. ஒரு சொல்லை மாற்ற ஏழு ஆண்டு.

மூன்றாவது, வாஷிங்டன் நகரில் செவித்திறன் இல்லாதோருக்கான கலாடெட் பல்கலைக்கழகம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டு, பட்டம் வழங்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்தார். அங்கே படித்தவர்களின் பட்டச் சான்றிதழில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் கையெழுத்து இருப்பது வழக்கம். அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டக்காரர்கள் வட்டமாகத் தோளோடு தோள் சேர்ந்து குனிந்து பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். அந்த வழக்கத்தை 1890களில் கலாடெட் அணியின் பால் ஹப்பர்டு தொடங்கியதாகச் சொல்வார்கள். சைகை மொழியில் திட்டம் பேசும்போது எதிரணி பார்த்துவிடாமல் மறைக்க வட்டமாக நின்றார்கள்.

ஆனால் 124 ஆண்டுகள் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக வந்தவர்கள் எல்லோரும் காது கேட்பவர்களே. 1988 மார்ச்சில் அறங்காவலர் குழு மறுபடியும் காது கேட்கும் ஒருவரையே தேர்ந்தெடுத்தது. அவருக்குச் சைகை மொழியும் தெரியாது. மாணவர்கள் வாயிற்கதவுகளைப் பூட்டினார்கள். ஒரு வாரம் பல்கலைக்கழகம் நின்றது. புதிய தலைவர் விலகினார், அறங்காவலர் குழுத் தலைவரும் விலகினார். செவித்திறன் இழந்த கிங் ஜோர்டன் தலைவரானார். அறங்காவலர்களில் பெரும்பான்மையோர் செவித்திறன் அற்றவர்களாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கையும் நிறைவேறியது. யாருக்காக நிறுவனம் எழுந்ததோ அவர்கள் கையில் அதன் சாவி வந்து சேர்ந்த வாரம் அது.

பத்திரம் மறைத்தவை

இதே ஏற்பாட்டின் இருண்ட பக்கத்தையும் சொல்லாவிட்டால் விளக்கம் பாதியில் நிற்கும். டார்ட்மத் தொடங்கப்பட்டது பூர்வகுடி இளைஞர்களுக்குக் கல்வி தர என்று அதன் சாசனமே சொல்கிறது. அதற்கான பணத்தைத் திரட்டியவர் மொஹிகன் இனத்தைச் சேர்ந்த போதகர் சாம்சன் ஆக்கம். 1766 முதல் இரண்டு ஆண்டுக்கு மேல் பிரிட்டனில் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து ஏறத்தாழ 12,000 பவுண்டு சேர்த்தார். கல்லூரியோ பெரும்பாலும் ஆங்கிலேயக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கே பயன்பட்டது. சாசனம் புனிதமானது என்று வாதாடி வென்ற கல்லூரி, சாசனத்தின் முதல் நோக்கத்தை இருநூறு ஆண்டு மறந்திருந்தது. 1970க்குப் பிறகுதான் பூர்வகுடி மாணவர்களை முறையாகச் சேர்க்கத் தொடங்கியது. ஆக்கத்தின் கையெழுத்துத் தாள்களை 2022இல் மொஹிகன் மக்களிடமே திருப்பிக் கொடுத்தது.

1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டத்தைப் பொதுக் கல்வியின் மைல்கல் என்று புகழ்வார்கள். புகழத் தக்கதுதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலம் கொடுத்து, அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்தச் சொன்னது அந்தச் சட்டம். கார்னெல், எம்ஐடி உள்பட உழவர், தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பக் கல்வி தந்த பல நிறுவனங்கள் அதனால் வளர்ந்தன. ஆனால் அந்த நிலம் யாருடையது? 2020இல் ஒரு பத்திரிகைப் புலனாய்வு ஆவணங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துச் சொன்னது: ஏறக்குறைய 250 பூர்வகுடி இனங்களிடமிருந்து எடுத்த 1 கோடியே 7 லட்சம் ஏக்கர், பயன்பெற்றவை 52 பல்கலைக்கழகங்கள். நியூயார்க் மாநிலத்தின் பங்கை வாங்கிய கார்னெல், எங்கோ விஸ்கான்சினில் இருந்த பைன் காடுகளைத் தேர்ந்தெடுத்து, விலை ஏறும் வரை பொறுத்திருந்து விற்றது.

சென்னைக்கும் இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்த எலிஹு யேல், 1718இல் கனெக்டிகட்டில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 புத்தகமும், அரசர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் கிடைத்தது ஏறத்தாழ 560 பவுண்டு. அதற்குக் கைம்மாறாகக் கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அந்தச் செல்வம் சென்னையில் சம்பாதித்தது. முறைகேடாகச் சொந்த லாபம் பார்த்ததாகப் புகார் எழுந்து பதவி இழந்தவர் அவர். அவர் கோட்டை நிர்வாகத்தில் இருந்த காலத்தில் இந்தக் கடற்கரையிலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டதற்குப் பதிவேடுகளே சாட்சி. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் முதலில் பதிவான திருமணம் அவருடையதுதான். 2024இல் யேல் பல்கலைக்கழகம், அடிமை முறையோடு தனக்கிருந்த வரலாற்றுத் தொடர்புக்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

பெற்றோர் பார்க்க வேண்டியவை

இவ்வளவையும் விளக்கியதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. மேலே ஒரே அதிகாரம் இல்லாத நாட்டில் பெயர்ப் பலகை எதையும் சொல்வதில்லை. நம் ஊரில் கல்லூரி சிறியது, பல்கலைக்கழகம் பெரியது. அங்கே அந்தக் கணக்குச் செல்லாது. பாஸ்டன் காலேஜும் பாஸ்டன் யுனிவர்சிட்டியும் முற்றிலும் வேறு வேறு நிறுவனங்கள். இரண்டுமே முழுமையான ஆய்வுப் பல்கலைக்கழகங்கள். பெரும்பாலும் இளங்கலையே நடத்தும் ஆம்ஹெர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்ற சிறு கல்லூரிகளில் இடம் கிடைப்பது பல பெரிய பல்கலைக்கழகங்களில் கிடைப்பதைவிடக் கடினம். 1901இல் ஜோலியட் நகரில் தொடங்கிய சமுதாயக் கல்லூரி முறையில், குறைந்த கட்டணத்தில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழியும் உண்டு. அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

தரத்துக்கு உத்தரவாதம் எது? அங்கீகாரம். அதைத் தருவது அரசு இல்லை. தனியார் அங்கீகார அமைப்புகள். எந்த அமைப்பின் அங்கீகாரம் செல்லும் என்பதை அமெரிக்கக் கல்வித் துறை முடிவு செய்கிறது. ஆகவே ‘அங்கீகாரம் பெற்றது’ என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல், யார் கொடுத்த அங்கீகாரம் என்று கேட்க வேண்டும். 2019 ஜனவரியில் மிச்சிகனில் வெளிவந்த உண்மை பலரை நிலைகுலைய வைத்தது. ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இணையதளம், முத்திரை, அலுவலகம் எல்லாம் இருந்தன. வகுப்பு இல்லை, ஆசிரியர் இல்லை. விசா மோசடியைப் பிடிக்கக் குடியேற்றத் துறை அதிகாரிகளே நடத்திய போலி நிறுவனம் அது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அரசுப் பட்டியலில் பெயர் இருந்ததை நம்பிச் சேர்ந்ததாகப் பலர் சொன்னார்கள். பட்டியலோடு நிற்காமல், அங்கே யார் பாடம் நடத்துகிறார்கள், எந்த நேரத்தில் வகுப்பு, முன்பு படித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்தால் இப்படிப்பட்ட கண்ணியில் விழ வேண்டியிருக்காது. ஏஜெண்டின் வாய்ச்சொல்லை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதற்கு முன் இந்த விசாரணைக்கு ஒரு வாரம் செலவிடலாம்.

கட்டணத்திலும் இதே தெளிவு வேண்டும். அறிவிக்கும் கட்டணத்தைப் பார்த்து மலைத்துப் பின்வாங்கிவிடுகிறோம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போன்ற சில நிறுவனங்கள் இளங்கலைக்கு வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும்போதும் கட்டும் சக்தி உண்டா என்று பார்ப்பதில்லை. சேர்ந்தபின் தேவையான உதவி முழுவதையும் தருகின்றன. மூலதன நிதி அதற்குத்தான் இருக்கிறது. பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களில் நிலைமை வேறு: உள்ளூர் வரிப்பணத்தில் நடப்பதால் வெளியூர்ப் பிள்ளைக்குக் கட்டணம் கூடுதல், உதவி குறைவு. எந்தப் பணத்தில் ஒரு நிறுவனம் நடக்கிறது என்று தெரிந்தால், அது யாருக்குத் தாராளமாக இருக்கும் என்பதும் தெரியும்.

கடைசியாக, கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் தமிழர்கள் இப்போது மாணவர்களாகவும் பேராசிரியர்களாகவும் மட்டும் இல்லை. கட்டளை எழுதுகிறவர்களாகவும் ஆகிவிட்டார்கள். இருக்கைகளும் உதவித்தொகைகளும் நம் பெயரில் எழுகின்றன. ‘விற்கக் கூடாது’ என்று எழுதிய கைதான் ‘500 பெண்களுக்கு மேல் கூடாது’ என்றும் எழுதியது. ஒன்று ஓர் ஊரையே வளர்த்தது. மற்றொன்று ஒரு தலைமுறைப் பெண்களைத் தடுத்தது. ஆகவே நன்கொடைத் தொகையைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது பத்திர வாசகத்துக்கு ஒதுக்க வேண்டும். நோக்கத்தை அழுத்தமாக எழுதுவோம். யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதை ஐயமின்றிச் சொல்வோம். அதை நிறைவேற்றும் வழியை மட்டும் வருங்காலத்தின் கையில் விடுவோம். யாரையும் வெளியே நிறுத்தும் வரி ஒன்றும் அதில் இல்லாமல் பார்த்துக்கொள்வோம். நாம் கையெழுத்திடும் தாள், நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளையும் கட்டுப்படுத்தப் போகிற தாள்.